நடு ரூமுக்கு ஒரு ஜன்னல்

போன வாரம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பியதுமே அந்த வாடை மூக்கில் ஏறியது. கடுக்காயும் கருப்பட்டியும் சேர்ந்து ஊறிப் புளித்த தண்ணீர். அதில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசினால் சுவர் இன்னும் பல தலைமுறைக்கு நிற்குமாம். எங்கள் வரிசையின் எட்டு வீட்டுக்கும் முன்னால் நீல டிரம்கள், ஒவ்வொன்றிலும் இந்தக் கஷாயம். சின்ன வயதில் எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டால் அம்மா இதே கடுக்காயைத்தான் இழைத்து நாக்கில் தடவுவாள். சுவருக்கும் அதே வைத்தியம்தான் போல என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

டிரம்களைத் தாண்டி ஒரு போர்டு நிற்கிறது. இது பாதுகாக்கப்பட்ட கட்டிடம், இதில் எதையும் இடிக்கவோ மாற்றவோ கூடாது, மீறினால் தண்டனை என்று மஞ்சளில் எழுதியிருக்கிறது. வேலையைப் பார்த்துக்கொள்ள மெட்ராஸிலிருந்து ஒரு பொறியாளர் பெண் வந்திருக்கிறாள். என் மகள் வயதுதான் இருக்கும். அவள்தான் முந்தின நாள் போன் போட்டு, "உங்க வீட்டு நடு ரூம்ல ஒண்ணு பார்த்திருக்கோம் ஆன்ட்டி, நேர்ல வந்து பாருங்க" என்று சொல்லியிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஜன்னலைக்கூட மாத்தாம, ஒரு படியைக்கூட இடிக்காம இத்தனை தலைமுறையா எப்படி ஆன்ட்டி காப்பாத்தினீங்க? உங்க குடும்பத்துக்கு இந்த வீடுங்க மேல அவ்வளவு பாசமா?"

நான் சிரித்த சிரிப்பில் புரையேறி, பாவம், அந்தப் பெண் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பாசமாம்! நடு ரூமில் பார்த்தது என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இந்தப் பாசத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

இந்த வரிசையைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் யாருக்கும் தெரியாது, எங்களுக்கு அவர் துரை, அவ்வளவுதான். கரிசல் காட்டுப் பருத்தியை வாங்கிக் கப்பலேற்ற வந்தவர். திருச்சுழிப் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பொதி வந்து இறங்கிய இடத்திலேயே தனக்கும் தன் கணக்குப்பிள்ளைகளுக்குமாக எட்டு வீடு கட்டினார். அவர் பிறந்த தெரு எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று, கொத்தனார்களுக்கு மண்ணில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார் என்பார்கள். ஜார்ஜ் என்ற பெயரில் வரிசையாக ஆண்ட ராஜாக்கள் காலத்துப் பாணி இது, அங்கே இப்படி வரிசையை டெரஸ் என்பார்கள் என்று பொறியாளர் பெண் விளக்கினாள். எங்களுக்கு டெரஸ் என்றால் வடகம் காயப்போடுகிற மொட்டை மாடி.

எட்டு வீட்டுக்கும் ஒரே முகம். இடையில் சந்து கிடையாது, ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். வாசலுக்கு ஏற நாலு கல்படி, கதவுக்கு மேலே விசிறியை விரித்தது போல அரைவட்டக் கண்ணாடி, பக்கத்தில் உயரமாக இரண்டு ஜன்னல். கல்யாணமாகி வந்த புதுப்பெண்கள் வீடு தெரியாமல் அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவது எங்கள் தெருவில் சகஜம். என் அம்மாவும் வந்த மறுநாளே கோயிலுக்குப் போய்த் திரும்பி, நாலாம் வீட்டுக்குப் பதில் ஐந்தாம் வீட்டுக்குள் போய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற பெரியம்மாவைப் பார்த்து முழித்திருக்கிறாள்.

"ஏத்தா, ஒன் வீடு அங்குட்டு. வந்தது வந்துட்ட, ஒரு வாய் மோர் குடிச்சிட்டுப் போ. அவுக வாரதுக்குள்ள போயிரு" என்றாளாம் பெரியம்மா.

அவுக என்பது ஐந்தாம் வீட்டுப் பெரியப்பா. அவருக்கும் என் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பேரின் அப்பாக்களும் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள்ளும் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. நிலத்தைப் போலச் சண்டையும் வாரிசுக்கு வந்து சேரும் குடும்பம் எங்களுடையது.

எதைச் சொல்ல வந்தேன்? ஆங், ஜன்னல். அந்த வாசல் ஜன்னல்கள் நம் ஜன்னல் மாதிரி வெளியே திறக்காது, கீழ்ப்பாதியை மேலே தூக்க வேண்டும். சட்டத்துக்குள்ளே கயிறும் ஈயக் குண்டும் இருந்து தாங்குமாம். என் காலத்தில் கயிறெல்லாம் இற்றுப்போய், ஒரு கம்பை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தி வைப்போம். கம்பு நழுவினால் பொத்தென்று இறங்கும். என் மோதிர விரல் நகம் இன்றைக்கும் கோணலாக இருப்பது அந்தப் புண்ணியத்தில்தான். இது போதாதென்று கூடத்துச் சுவரில் குளிர்காய ஓர் அடுப்பு வேறு. அருப்புக்கோட்டையில்! சித்திரை வெயிலில் உட்கார்ந்து எதற்குக் குளிர்காய்வது? அப்பா அதில் வெங்காயம் கொட்டி வைப்பார். கோடி வீட்டுச் சித்தப்பா கோழி அடைத்தார். துரையின் சம்சாரம் ஒரே ஒரு கோடையைப் பார்த்துவிட்டுக் கப்பலேறிவிட்டாளாம், கொஞ்ச காலத்தில் துரையும் மூட்டை கட்டிவிட்டார். அவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

துரை போகும்போது வரிசையை மொத்தமாக வாங்கியவர் என் கொள்ளுத்தாத்தா. அவருக்கு நாலு பையன்கள். அவர் கண்ணை மூடியதும் பாகப்பிரிவினை வந்தது. ஆளுக்கு இரண்டு வீடு, கணக்கு சுலபம்தானே என்று நினைப்பீர்கள். ஒருவன் வீட்டைத் தொட்டால் அடுத்தவன் சுவர் ஆடும், இவன் உத்திரத்தின் நுனி அவன் சுவருக்குள் கிடக்கும். அதனால் நாலு பேரும் குலசாமி கோயிலுக்குப் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்காமல் யாரும் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது. ஒரு வருசம் விளக்கேற்றாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு சத்தியம்தான் எங்களைக் கட்டிப்போட்டது.

அதற்குப் பிறகு அந்த வரிசையில் எது நடந்திருக்கிறது? பொங்கலுக்கு எட்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வெள்ளையடிக்க வேண்டும். மூன்றாம் வீட்டுக்காரர்கள் சுண்ணாம்பில் நீலம் கொஞ்சம் கூடக் கலந்துவிட்டார்கள் என்று ஒரு பொங்கலே சண்டையில் போனது. கரண்டு வந்தபோது எந்த வீட்டுச் சுவரில் கம்பி போவது என்ற தகராறில் ஊரெல்லாம் பல்பு எரிய, நாங்கள் அரிக்கேன் விளக்கோடு உட்கார்ந்திருந்தோம். மழை ஒழுகினால் பாத்திரம் வைப்போம், ஓட்டையை அடைக்க ஊர்க்கூட்டம் போட வேண்டும். அந்தப் பொறியாளர் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன்? யாரும் பாசத்தால் இடிக்காமல் இல்லை தாயீ, பக்கத்து வீட்டுக்காரன் விடவில்லை. வீம்பு காப்பாற்றிய வீடு இது.

வரிசையில் முதல் வீடும் கடைசி வீடும் கோடி வீடுகள், மூன்று பக்கமும் காற்று வரும். கோடி வீட்டுச் சித்தப்பா சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக் குறட்டை விடுவார். நடுவில் மாட்டிய ஆறு வீட்டுக்கும் முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, இரண்டுக்கும் இடையில் நடு ரூமு. அதற்கு வெளிச்சுவர் என்று ஒன்று கிடையாது. எங்களுக்கு இந்தப் பக்கம் மூன்றாம் வீடு, அந்தப் பக்கம் ஐந்தாம் வீடு. உச்சி வெயிலிலும் பல்பைப் போட்டால்தான் கை தெரியும். அங்கேதான் நெல் மூட்டை, அங்கேதான் பிரசவம், அங்கேதான் காய்ச்சல், அங்கேதான் அம்மாவின் கட்டில்.

அம்மா நரிக்குடிப் பக்கத்துக்காரி. கண்மாய்க் கரையை ஒட்டின வீடு, கதவைத் திறந்தால் தண்ணீர்க் காற்று முகத்தில் அடிக்கும். நான் லீவுக்குப் போகும்போது பார்த்திருக்கிறேன், அங்கே இருந்தால் அம்மா வேறு ஆள். உரக்கப் பேசுவாள், ஆட்டுக்குட்டியை விரட்டிக்கொண்டு ஓடுவாள். அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறியதுமே வாய் அடைத்துவிடும். இங்கே வந்த இரண்டாம் வருசமே அவளுக்கு இளைப்பு ஆரம்பித்துவிட்டது. பஞ்சுத் தூசியும் சுண்ணாம்பு உதிரும் சுவரும் காற்றில்லாத ரூமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? மாசி பிறந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும்.

அம்மா தன் வாழ்நாளில் நகை கேட்டதில்லை, பட்டுச் சேலை கேட்டதில்லை. கேட்டது ஒன்றுதான். "நடு ரூமுக்கு ஒரு ஜன்னல் வையுங்க."

"எங்கிட்டு வைக்கிறது? செவுத்துக்கு அங்கிட்டு அவன் வீடுல்ல இருக்கு" என்பார் அப்பா.

"அவுக வீட்டுப் பக்கமாச்சும் வைங்களேன். அக்கா மூஞ்சியாவது தெரியும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். பிறகு அவரே ஒரு வழி யோசித்தார். மச்சில் ஒரு ஓட்டை போட்டுக் கண்ணாடி பதித்தால் மேலேயிருந்து வெளிச்சமாவது இறங்கும். ஆனால் அதற்கும் எட்டு வீட்டுச் சம்மதம் வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை குலசாமி கும்பிடப் போகும்போது, கிடாய்க் கறி வெந்துகொண்டிருக்கையில் பங்காளிகள் உட்கார்ந்து இந்த மாதிரி விஷயங்களைப் பேசுவார்கள். ஒவ்வொரு வருசமும் அப்பா கேட்பார். ஒவ்வொரு வருசமும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பெரியப்பா மட்டும் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வார், "இன்னைக்குக் கண்ணாடிம்பாக, நாளைக்கு மாடிம்பாக. எனக்குச் சம்மதமில்ல."

அம்மா ஒரு வருசம் பொறுக்க முடியாமல் பெரியம்மா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் காதில் விழும்படி, "எனக்கு மூச்சு முட்டுதுன்னு அவுககிட்டச் சொல்லுங்கக்கா" என்றாள். பெரியப்பாவும் பெரியம்மாவிடமே பதில் சொன்னார். "மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிட்டுப் போறேன்னு சொல்லு. மச்சுல கை வைக்க விடமாட்டேன்."

சொன்ன சொல் தவறாதவர். அம்மாவுக்கு இளைப்பு முற்றிய நாட்களில் அப்பா நரிக்குடிப் பக்கம் காட்டு வேலைக்குப் போயிருந்தால், பெரியப்பாதான் காரை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா பிழைத்து வீடு திரும்பியதும் அவரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவரை வெறுக்கவும் விடாமல் செய்தாரே என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

ஆண்கள் பேசாவிட்டால் பெண்கள் பேசாமல் இருந்துவிடுவார்களா? நாலாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவில், அம்மாவின் கட்டிலை ஒட்டின சுவர் ஒரு விசித்திரமான சுவர். மற்ற சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இந்தச் சுவரில் தட்டினால் பானையைத் தட்டின மாதிரி டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். எலி வளை என்பார் அப்பா. அந்தச் சுவருக்குள் புறா முனகுகிற சத்தமும் கேட்கும். மேலே புகைக்கூண்டில் அடைகிற புறா என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். அம்மாவும் பெரியம்மாவும் கண்டுபிடித்தது வேறு. இங்கே தட்டினால் அங்கே கேட்கும். இரண்டு தட்டு தட்டினால் புழக்கடைக் கிணற்றடிக்கு வா என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் அவுக வீட்டில் இருக்காக, வர முடியாது. கிணற்றடியில் நின்று பேசுவதற்கு என்ன இருக்கும் என்று தெரியாது, இரண்டு பேரும் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பெரிய மனுசியானபோது என்னையும் அந்த நடு ரூமில்தான் உட்கார வைத்தார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியுமாக, பகலா ராத்திரியா என்று தெரியாமல் கிடந்தேன். கரண்டு போனால் கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்பதே தெரியாது. அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். "ஒனக்குத் தண்ணி ஊத்துற வரைக்குந்தான்டி. அப்புறம் நீ வெளிய போயிருவ" என்றாள். அவளைப் பற்றி அவள் சொல்லவில்லை. எனக்கும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தண்ணீர் ஊற்றினதும் நான் முதலில் ஓடியது மொட்டை மாடிக்கு. எட்டு வீட்டுக்கும் சேர்ந்த நீள மாடி அது. அங்கே செங்கல்லில் கட்டிய மூன்று பெரிய கூண்டுகள் உண்டு, மேலே கல் பலகை போட்டு மூடியிருக்கும், ஓரத்தில் புறா நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. குளிர்காயும் அடுப்புக்கான புகைக்கூண்டு என்று எல்லோரும் நம்பினோம், துரை கூண்டு என்று பெயர். பலகை வழவழவென்று இருக்கும், காற்று பிய்த்துக்கொண்டு போகும். பரீட்சைக்குப் படித்தது, மாங்காய்க் கீற்றுக்கு மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றது எல்லாம் நாலாம் வீட்டுக்கும் ஐந்தாம் வீட்டுக்கும் நடுவிலிருந்த அந்தக் கூண்டின் மேல் உட்கார்ந்துதான். கீழே ரூமில் அம்மா படுத்திருப்பாள்.

நான் மில் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன், பாலவனத்தத்தில் வாக்கப்பட்டேன். என் வீட்டில் முதலில் வைக்கச் சொன்னது ஜன்னல்தான், கொத்தனார், "என்னம்மா, இது வீடா கூண்டா?" என்று கேட்கிற அளவுக்கு வைத்தேன். அப்பா போய்ச் சேர்ந்ததும் அம்மாவை என்னோடு வரச் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன்.

"நா வந்துட்டா வெளக்கு யாருடி ஏத்துவா? வருசம் திரும்புனா ஒங்க பெரியப்பா உள்ள வந்துருவாரு. ஒங்கப்பா பேரு சொல்ல இருக்கிறது இந்த ஒண்ணுதான்."

"போனாப் போகட்டும்மா. மூச்சுவிட முடியல, வீடு என்னத்துக்கு?"

"நாப்பது வருசமா மூச்ச முட்டிக்கிட்டுக் காத்தத இப்பப் போயி விடவா?"

அந்த வீடு அவளைப் பிடித்துவைத்திருந்த மாதிரியே அவளும் வீட்டைப் பிடித்துக்கொண்டாள். கோபம் கோபமாக வந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டு மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் விளக்கேற்ற ஓடிவிடுகிற ஆளை எப்படிக் கட்டி வைப்பது?

பிறகு பெரியப்பாவும் காலமானார். அடுத்த தலைமுறைக்கு எங்கள் சண்டையில் ருசி இல்லை. அந்த வருசம் குலசாமி கும்பிடப் போனபோது பெரியப்பா மகன் கறி எலும்பைக் கடித்துக்கொண்டே, "சித்தி என்ன, கண்ணாடிதானே போடணும்? போட்டுக்கட்டும், விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். ஒரு எலும்பு கடிக்கிற நேரம். ஐம்பது வருசமாக நகராதது நகர்ந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கை வேர்த்திருந்தது.

திருச்சுழியிலிருந்து கொத்தனார் கண்ணாடியோடு வந்து இறங்கினார். அம்மா கட்டிலை நகர்த்தி, தூசி படாமல் சேலைகளை மூட்டை கட்டி, அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காப்பி ஆறுவதற்குள் ஜீப்பில் அரசாங்க ஆட்கள் வந்துவிட்டார்கள். வரிசை முழுவதும் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது, இனி ஓர் ஆணி அடிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். போர்டை நட்டுவிட்டுப் போனார்கள். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் வரிசையை இடித்துக் கடை கட்டலாம் என்று கனவு கண்ட பங்காளி வீட்டுப் பையன்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கொத்தனார் கண்ணாடியைச் சாக்கில் சுற்றித் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா வாசலுக்கு வந்து போர்டைப் பார்த்தாள். முதலில் இளைப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன், பிறகுதான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

"ஒங்க பெரியப்பா எங்கடி செத்தாரு? இந்தா, போர்டா வந்து நிக்கிறாருல்ல!"

எத்தனையோ ஆபீஸுக்கு மனு கொடுத்தேன். வயதானவர், சுவாசக் கோளாறு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். பரிசீலனையில் இருக்கும்போதே, போன ஐப்பசி அடைமழையில், நாலாம் வீட்டு நடு ரூமில், அந்த டொக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தபடி அம்மா போய்ச் சேர்ந்தாள். பெரியம்மா அன்று காலையில் தட்டிக்கொண்டே இருந்தாளாம். ஒரு தட்டுக்கூடத் திரும்பி வராததால்தான் ஆளை அனுப்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வாரா வாரம் பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்து நான் விளக்கேற்றுகிறேன். என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம், எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் போட்ட சண்டை எல்லாம் போட்டுவிட்டு இப்போது நானே எண்ணெயும் திரியுமாக வந்து நிற்கிறேன். அந்த வீட்டை விட்டு வெளியே போய்விட்டதாக இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேனே.

இனி அந்தப் பெண் காட்டியதைச் சொல்கிறேன். நடு ரூமில், அம்மாவின் கட்டில் இருந்த சுவரில், பழைய பூச்சை உரித்திருந்தார்கள். உள்ளே செங்கல் ஒரு வில் வளைவாக ஓடியது. வளைவுக்குக் கீழே மட்டும் வேறு செங்கல், அவசரத்தில் அடுக்கியது போல் கோணல் மாணலாக.

"இது சுவர் இல்ல ஆன்ட்டி. ஜன்னல். செங்கல் வெச்சு அடைச்சிருக்காங்க. இதுக்கு அந்தப் பக்கம் வெளிச்சக் கூண்டு. நடு ரூமுங்களுக்கு வெளிச்சமும் காத்தும் வர்றதுக்காக ரெண்டு வீட்டுக்கு நடுவுல விட்ட இடைவெளி. மேல வரைக்கும் திறந்தே இருந்திருக்கு. அப்புறம்தான் கல்லு போட்டு மூடியிருக்காங்க."

துரை கூண்டு. நான் மாங்காய் தின்ற கல் பலகை. என் அம்மாவின் வெளிச்சத்தின் மேல் உட்கார்ந்துதான் நான் அத்தனை வருசம் காற்று வாங்கியிருக்கிறேன்.

சத்தம் கேட்டுக் கோடி வீட்டுச் சித்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "அடடே, இதா! எங்கய்யா சொல்லியிருக்காரு. மூணு கூண்டும் அண்ணன் பாகத்துக்கும் தம்பி பாகத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. பாகம் பிரிச்ச அன்னைக்கு, அவன் வீட்டுக் கண்ணு நம்ம வீட்டுல விழக் கூடாதுன்னு இவரு ஒரு பக்கம் அடைச்சிருக்காரு. நீ என்ன அடைக்கிறது, நான் அடைக்கிறேன்னு அவரு அந்தப் பக்கம் அடைச்சிருக்காரு. அப்புறம் மழத்தண்ணி எறங்குதுன்னு மேல கல்லப் போட்டாச்சு."

"ஏன் சித்தப்பா இத்தன வருசமா இதைச் சொல்லல?"

"யாரு கேட்டா? ஒங்கம்மா மச்சுல கண்ணாடியில்ல கேட்டா?"

அவர் பொய் சொல்லவில்லை. மூன்று பக்கம் காற்று வருகிற வீட்டில் படுக்கிறவருக்கு அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்குமா என்பதை மட்டும் நான் யோசிப்பதில்லை. யோசிக்கப் பயமாக இருக்கிறது.

எது முதலில் இருந்ததோ அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் சட்டமாம். அதனால் மனுவும் வேண்டாம், பங்காளிகள் சம்மதமும் வேண்டாம். இரண்டு பக்கமும் செங்கல்லை எடுத்தார்கள். உள்ளே துரை வைத்த ஜன்னல் அப்படியே இருந்தது, கண்ணாடிகூட உடையாமல். இரண்டு பக்கமும் கீழ்ப்பாதியைத் தூக்கிக் கம்பை முட்டுக் கொடுத்தார்கள். மாடியில் நாலு பேர் சேர்ந்து பலகையைப் புரட்டியதும் புறாக்கள் படபடவென்று மேலே ஏறிப் போயின. வெளிச்சம் இறங்கியது. ஆர்ப்பாட்டமெல்லாம் இல்லை, சாதாரணப் பகல் வெளிச்சம். கூடவே கொஞ்சம் காற்று.

எதிரே, கைநீட்டும் தூரத்தில், அதே மாதிரி ஒரு ஜன்னலில் பெரியம்மா நின்றிருந்தாள். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். அத்தனை வருசத்தில் அவள் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை.

"இம்புட்டுச் சின்ன ரூமா இது? அவ எங்கிட்டுப் படுப்பா?"

காட்டினேன். பெரியம்மாவின் கை தானாக உயர்ந்து பழக்கத்தில் முன்னால் தட்டப் போனது. விரல் கணுக்களை மடக்கினபடியே வெறும் காற்றில் நின்றது.

"தட்டுறதுக்குச் செவுரு இல்லையேடி" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை.

நான் வந்த வேலையைப் பார்க்கப் போனேன். கூடத்தில் விளக்கைத் துடைத்து வைத்துவிட்டுத் திரி எடுப்பதற்காக நடு ரூமுக்குள் நுழைந்ததும், நுழைகிறபோதே, என் கை சுவிட்சைப் போட்டுவிட்டது. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். எதிர் ஜன்னலிலிருந்து பெரியம்மா கேட்டாள்.

"பட்டப்பகல்ல எதுக்குடி லைட்டு?"

அந்த ரூமில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டு நான் அறிந்ததில்லை. நான் சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் எல்லாம் தெரிந்தது. ஆணி அடித்த துளை, தலை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறிய சுவர், தரையில் கட்டில் கால் பதிந்த நாலு குழி. கட்டிலைத்தான் காரியம் முடிந்த அன்றே யாருக்கோ கொடுத்துவிட்டோம்.